சந்தை போனால் விழிப்பு. வலை போனால் உறக்கமா?

1973இல் கிரேக்க நாட்டின் இராணுவ ஆட்சியை எதிர்த்து ஏதென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் வானொலியில் முழங்கிய குரல்களுள் ஒன்று மரியா டமனாகி அம்மையாருடையது. பின்னர் அவர் நாடாளுமன்றம் புகுந்தார். கட்சித் தலைமையும் ஏற்றார். 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்பிடித்துறை ஆணையாளரானார். ஆட்சியை எதிர்த்து வளர்ந்தவர், அதிகாரம் கைக்கு வந்தபின் சட்டத்தைச் செயற்படுத்தத் தயங்கவில்லை.

ஆழ்கடலில் இலங்கைக் கலங்கள் விதிமீறி மீன்பிடிப்பதை 2012இல் ஒன்றியம் எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் அம்மையார் தடையை முன்மொழிந்தார். 2015 ஜனவரியில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. கொழும்பு பதறி விழித்தது! கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவிகள் வந்தன; சட்டங்கள் திருந்தின; 2016 ஜூனில் தடையும் நீங்கியது.

சந்தை போனதும் வந்த இச்சுறுசுறுப்பு, மன்னார்க் கடற்றொழிலாளரின் வலை போனபோது வராதது ஏன்? பேசாலையிலும் தலைமன்னாரிலும் சிறுபடகுக்காரர் விரித்த வலைகளை, எல்லை தாண்டிவரும் இந்திய இழுவைப் படகுகள் அறுத்துச் செல்வது நேற்று இன்று தோன்றிய துயரா? 1974, 1976 உடன்படிக்கைகள் கடலெல்லை வகுத்தன. 2017இல் நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலைத் தடை செய்தது. ஏட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை, செயலில்தான் பஞ்சம்.

தமிழக மீனவர் நமக்குப் பகைவரல்லர். சிறையும் துப்பாக்கியும் தீர்வுமல்ல. ஆயினும், கடலடியைச் சுரண்டும் தொழிலை இரு கரை அரசுகளும் நிறுத்தியே ஆகவேண்டும். தொலைதூரத்து ஆணையாளரின் கட்டளைக்கு அஞ்சிய அரசு, சொந்த மக்களின் கண்ணீருக்கும் அஞ்சக் கற்கட்டும்!