வட ஒளி பார்க்கப் போகலாமா?

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "விடியுமுன் பால்மரம் வெட்டியே காலம் கழித்த அப்பாவுக்கு, நார்வே வானத்துப் பச்சை ஒளியைக் காட்ட மகன் பணம் சேர்க்கிறான். ஆண்டு நடுப் பள்ளி விடுமுறையில் போகலாமா?"

வேண்டாம் அம்மா! ஒளி பார்க்கப் பலரும் போகும் திரோம்சோ நகரில் மே கடைசி முதல் ஜூலை நடுப்பகுதிவரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டாத வானத்தில் ஒளி தெரியாது. மகன் சேர்த்த வெள்ளி வீணாகும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் அதற்குக் காலம். சூரியனிலிருந்து வரும் துகள்கள் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி எழும் ஒளி அது. கீழே மேகம் கூடினால் மறைந்துவிடும். ஆகவே, நான்கைந்து இரவாவது தங்குங்கள்.

ஒளிக்குக் கட்டணமில்லை. விமானம், அறை, சாப்பாடுதான் செலவு. அங்கே கடைச் சாப்பாடு விலை அதிகம். சமையலறை உள்ள அறை எடுத்துச் சோறாக்கிக்கொள்ளுங்கள். கடன் மட்டும் வாங்காதீர்கள்.

பணம் சேரும்வரை, நிலவில்லாத ஓர் இரவில் அப்பாவைக் கோல சிலாங்கூர் ஆற்றுக்கு அழைத்துப் போங்கள். கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னும். இருட்டில் உழைத்தவர், இருட்டின் அழகையும் பார்க்கட்டுமே!