கொஞ்சம் முன்னாடி அழுத்தியிருக்கணும்

"ரெண்டாயிரத்து நானூறு வந்தப்பவே எந்திரிச்சிருக்கலாமேடா" என்கிறார் அக்கா. தம்பி தலை நிமிராமல், "ஆமாக்கா, கொஞ்சம் முன்னாடி அழுத்தியிருக்கணும்" என்கிறார். ஆலோசனை அறையில் இந்தப் பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். நானும் கேட்டேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். 'போதும் என்று நிறுத்தத் தெரியவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் குறிப்பு தவறு என்று இன்று நினைக்கிறேன். அது ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்த இதழின் ஆசிரியர் உரை.

விமான விளையாட்டு, ராக்கெட் விளையாட்டு என்று நம்மிடம் வருகிறவர்கள் சொல்வதெல்லாம் ஒரே வகைதான். 2014 வாக்கில் பிட்காயின் சூதாட்டத் தளங்களில் இந்த வகை தோன்றியது. ஜார்ஜிய நிறுவனமான ஸ்பிரைப் 2019இல் வெளியிட்ட ஏவியேட்டர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கருப்புத் திரையில் ஒரு சின்னச் சிவப்பு விமானம் கிளம்பும். பக்கத்தில் 1.00 என்ற எண் ஏறத் தொடங்கும்: 1.20, 1.75, 2.40. எந்த எண்ணில் கேஷ் அவுட் பொத்தானை அழுத்துகிறாரோ, கட்டிய பணம் அத்தனை மடங்காகத் திரும்பும். அழுத்துவதற்குள் விமானம் பறந்துவிட்டால் கட்டியது போச்சு. சில விநாடி இடைவெளி, அடுத்த சுற்று. விதி இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

புரியாமல் போவது வேறொன்று. விமானம் எந்த எண்ணில் மறையும் என்பது அது கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஏறுகிற கோடு அந்த முடிவை மெல்ல மெல்லத் திறந்து காட்டுகிறது, அவ்வளவே. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் எதிரில் நடப்பது போட்டி இல்லை. ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு சீட்டை யாரோ நிதானமாகப் பிரிக்கிறார்கள்.

அந்தச் சீட்டை நம் மேசையிலேயே செய்து காட்டலாம். 1 முதல் 100 வரை நூறு துண்டுச் சீட்டுகளில் எண்களை எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுத்து, 97ஐ அந்த எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். வரும் விடைதான் விமானம் மறையும் இடம். 50 வந்தால் 1.94. 10 வந்தால் 9.7. 1 வந்தால் 97 மடங்கு. 98, 99, 100 வந்தால் விடை ஒன்றுக்கும் கீழே, அதாவது விமானம் கிளம்பாமலே போய்விட்டது. சீட்டை மடித்துத் திரும்பப் போட்டுக் குலுக்கி அடுத்ததை எடுக்க வேண்டும். நிஜ விளையாட்டில் நூறு எண்ணுக்குப் பதில் மிகப் பெரிய எண் கூட்டம் இருக்கிறது. முதல் தலைமுறைத் தளமான பஸ்டாபிட்டில் அது சுமார் 45 கோடி கோடி. தத்துவம் மாறவில்லை. 97 என்ற எண்ணும் நான் வைத்ததில்லை. ஆடுகிறவர்களுக்குத் திரும்பும் பங்கு நூற்றுக்கு 97 என்று ஏவியேட்டரே அறிவித்திருக்கிறது.

இப்போது கணக்கு. சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு சுற்று, நூறு சீட்டும் தலா ஒருமுறை வந்ததாக வைத்துக்கொள்வோம். உள்ளே போனது 10,000. எப்போதும் 1.94இல் அழுத்துகிறவர் 50 சுற்றில் ஜெயித்து 9,700 எடுப்பார். 4.85 வரை காத்திருப்பவர் 20 சுற்றில் ஜெயிப்பார். அவருக்கும் 9,700. 9.7 வரை துணிகிறவருக்குப் பத்து வெற்றி, அதே 9,700. 97க்காகத் தவம் கிடப்பவருக்கு ஒரே ஒரு வெற்றி, அப்போதும் 9,700. பயந்தவர், துணிந்தவர், பொறுமைசாலி, அவசரக்காரர் எல்லோருக்கும் ஒரே விடை. ஆக, அழுத்துவதற்கு நல்ல இடம் என்று ஒன்று இந்த விளையாட்டில் கிடையாது. அடிக்கடி கொஞ்சமா, எப்போதாவது நிறையவா என்பதை மட்டும்தான் பொத்தான் தீர்மானிக்கிறது. நூற்றுக்கு மூன்று ரூபாய் எப்படியும் விளையாட்டை நடத்துகிறவர் பங்கு. ஜெயித்த பணத்தைத் திரும்பத் திரும்பக் கட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூன்று ரூபாய் கழிந்துகொண்டே இருக்கும்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்ற உத்தியையும் பலர் பெருமையாகச் சொல்வார்கள். இதையும் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். 10 ரூபாயில் தொடங்கி, இரண்டு மடங்கில் எடுப்பது என்று வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெற்றி வாய்ப்பு 48.5 சதவீதம். தொடர்ந்து பத்துத் தோல்வி வந்தால் போவது 10,230 ரூபாய். அப்படி ஒரு தொடர் சராசரியாகச் சுமார் 1,570 சுற்றுக்கு ஒருமுறை வரும். அதற்குள் பத்துப் பத்தாகச் சேர்ந்திருப்பது ஏறத்தாழ 7,600. சுற்றுக்கு அரை நிமிடம் என்றால் இது 13 மணி நேரக் கதை. இரண்டு மூன்று இரவு போதும். அந்த இரண்டு மூன்று இரவும் 'நம்ம உத்தி வேலை செய்யுது' என்ற நம்பிக்கையிலேயே கழிகின்றன என்பதுதான் கொடுமை.

லாட்டரிச் சீட்டில் தோற்றவர் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார். இங்கே அந்த ஆறுதலும் இல்லை. 1.80இல் அழுத்திப் பணத்தை எடுத்த பிறகும் விமானம் திரையில் பறந்துகொண்டே இருக்கும். 5, 12, 40 என்று ஏறுவதை அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த சுற்றில் பொறுத்திருந்தால் 1.30இல் மறையும். சீக்கிரம் அழுத்தினாலும் தன் தவறு, தாமதித்தாலும் தன் தவறு. பக்கத்தில் ஓடும் பட்டியலில் வேறு யாரோ சரியான நேரத்தில் எடுத்ததாகக் காட்டுகிறது. தானே தேர்ந்தெடுத்தால் தற்செயலையும் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாக மனிதர் நம்பிவிடுவதை எல்லன் லாங்கர் 1975இல் ஆய்வு செய்து எழுதினார். அவர் பார்த்தது சீட்டுகளையும் லாட்டரிகளையும். இந்தப் பொத்தான் அதே மயக்கத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது.

அதனால்தான் 'முன்னாடி அழுத்தியிருக்கணும்' என்ற வார்த்தையை நான் நோயின் குரலாகக் கேட்கச் சொல்கிறேன். என் தவறால் தோற்றேன் என்று நம்புகிறவருக்கு, தவறைத் திருத்தினால் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. விட்டதைப் பிடிக்க அவர் மறுபடி உட்காருவது அதனால்தான். அக்கா பாசத்தில் கேட்ட கேள்வியும், நாம் ஆட்டிய தலையும் அந்த நம்பிக்கைக்குத்தான் உரம். 'எழுந்திருக்க ஒரு நல்ல நேரம் இருந்தது, நீ தவறவிட்டாய்' என்று நாமும் சொன்னதாக ஆகிவிடுகிறது.

'நேர்மை நிரூபிக்கப்பட்டது' என்ற விளம்பரம் பற்றியும் கேட்பார்கள். சுற்று தொடங்கும் முன் சர்வரின் ரகசிய எண்ணுக்கு ஒரு ஹாஷ் முத்திரை, அதாவது எண்ணைக் காட்டாமலே அதை உறுதிசெய்யும் குறியீடு, வெளியாகிறது. ஆடுகிறவர்கள் பக்கத்து எண்களையும் சேர்த்து முடிவு பிறக்கிறது. பிறகு எவரும் சரிபார்க்கலாம். இது உண்மையான ஏற்பாடுதான். பந்தயம் கட்டிய பிறகு முடிவை மாற்றவில்லை என்பதற்கு அது சாட்சி. மூன்று ரூபாய் கழிவுக்கு அது பதில் சொல்லாது. அதோடு, அந்த ரகசிய எண் மறைந்தே இருப்பதால் அடுத்த எண்ணை முன்கூட்டிச் சொல்ல வெளியாள் எவராலும் முடியாது. டெலிகிராமில் 'பிரெடிக்டர்' விற்பவர்கள் முழு மோசடிக்காரர்கள். பார்க்க அதே விமானமாக இருக்கும் போலித் தளங்களில் இந்த ஏற்பாடுகூட இருக்குமென்று நம்ப இடமில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அது நடத்துகிறவர்களையும் விளம்பரம் செய்கிறவர்களையும் தண்டிக்கிறது, ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தில் ஆடுகிறவருக்கும் தண்டனைப் பிரிவு உண்டு. அந்தப் பயத்தில் பாதியை மறைத்துப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சையில் சொல்வது ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. முதல் சந்திப்பிலேயே இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடன் எவ்வளவு, கடன் செயலிகள் எத்தனை, போனில் யுபிஐ யார் கையில் என்பதையெல்லாம் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை மட்டும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நம் அறையை விட்டுப் போன பிறகு நள்ளிரவில் அழைக்க டெலி மானஸ் எண் 14416ஐ அவர் போனில் நம் எதிரிலேயே சேமிக்கச் செய்யுங்கள்.

நான் சொன்ன அந்தத் தம்பியுடன் மூன்றாவது சந்திப்பில் சீட்டு டப்பாவை வைத்து உட்கார்ந்தேன். அக்காவும் இருந்தார். நாற்பது சீட்டு வரை எடுத்தார்கள், கணக்கை அக்காவே எழுதினார். ஒரு கட்டத்தில் தம்பி, "அப்ப நான் எங்க அழுத்தியிருந்தாலும் இதேதானா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் கடனின் முழுத்தொகை வெளியே வந்தது.

ஒரு டப்பா, நூறு துண்டுக் காகிதம், ஒரு கால்குலேட்டர். அடுத்து வருகிறவரிடம் முயன்று பாருங்கள். எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைப் பெயரும் ஊரும் இல்லாமல் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பலிக்காத அனுபவங்களையும் வெளியிடுவோம்.