மே மாத வெயிலை நம்பிக் கயாக்கில் ஏறாதீங்க

நம்ம வகுப்பிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போன ஒருத்தன் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். துரை கயாக்கில் போய்க் கடலில் மீன் பிடிக்கப் போகிறாராம். ஒரு கயாக், ரெண்டு தூண்டில், மீன் எங்கே இருக்கு என்று காட்டும் சோனார், தலையில் மாட்டிக்கொள்ள கேமரா. சரி, உடுப்பு? "இங்க நல்ல வெயில் மச்சி, டி-ஷர்ட் போதும்."

இவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதுசா ஆரம்பிக்கிறவர்களுக்கான வீடியோக்கள் முக்கால்வாசி இந்த வரிசையில்தான் சொல்லித் தருகின்றன. முதலில் படகு, அப்புறம் தூண்டில், அப்புறம் பொம்மைகள், மிச்சக் காசு இருந்தால் உயிர். பட்ஜெட் போடத் தெரிந்த எவனும் இப்படிப் போடமாட்டான்.

கடலுக்கு நம்ம காலண்டர் தெரியாது. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் பிப்ரவரி, மார்ச்சில்தான் அதிகமாகக் குளிர்ந்திருக்கும். மெதுவாகச் சூடேறி ஆகஸ்ட், செப்டம்பரில்தான் உச்சத்துக்கு வரும். மே மாதம் கரையில் 20 டிகிரி வெயில் அடிக்கும்போது தண்ணீர் பல இடங்களில் 10, 12 டிகிரியில் கிடக்கும். 15-க்குக் கீழே போனாலே குளிர் அதிர்ச்சி வரலாம் என்கிறது அங்குள்ள உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. அந்தக் கடலின் சராசரியே 12 டிகிரிதான். சென்னைக் கடல் 28 டிகிரி வாக்கில் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே பேர் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியும்ல?" தெரியும்ப்பா, கிணற்றில் குதித்துப் பழகியவன் நீ. ஆனால் குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தவனை முதலில் மடக்குவது உடல் விறைப்பு இல்லை, மூச்சு. விழுந்த கணத்தில் உடம்பு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்று இல்லை. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குகிறவனுக்கும் அங்கே சில விநாடிதான். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். தோராயமான கணக்குதான். ஆனால் அந்தக் கடைசி 1 மணி நேரத்தை அனுபவிக்கக்கூட, முதல் ரெண்டு கட்டத்தில் உன்னை யாராவது மிதக்கவைத்திருக்க வேண்டும். அந்த யாராவது, நீ போட்டிருக்கும் மிதவைச் சட்டை. கயாக்கின் பின்னால் கட்டிவைத்த சட்டை இல்லை. விழுந்தபின் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள், ஓடுகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஹெல்மெட் மாட்டிப் பார்க்கட்டும்.

அடுத்த வில்லன் காற்று. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நிலம் மறைத்துக்கொள்வதால் வரும் ஏமாற்று அது. கொஞ்ச தூரம் போனதும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். போவது சுகம், திரும்புவதுதான் பாடு. அலை இல்லை, வா போகலாம் என்று ஆசை காட்டும் நாளில்தான் காற்றுத் திசையை ரெண்டு தடவை பார்க்க வேண்டும்.

"இப்படிப் பயமுறுத்தினா யார்தான் ஆரம்பிப்பாங்க? டிரை சூட் என்ன விலை தெரியுமா?" தெரியும். நல்லதாக ஒன்று வாங்கும் காசில் பழைய கயாக்கே வந்துவிடும். (டிரை சூட் தண்ணீரைத்தான் தடுக்கும், உள்ளே கம்பளி இல்லாவிட்டால் சூடு தராது. அந்தச் செலவு தனி.) ஆனால் சோனாருக்கும் கேமராவுக்கும் பணம் இருக்கிறவனிடம் நான் ஏழைப் பாட்டு கேட்கமாட்டேன். நிஜமாகவே கையில் காசு இல்லையா, மே மாதத்தை விட்டு செப்டம்பரில் ஆரம்பி. அது இலவசம். ஒரு பழைய வெட் சூட், காற்று குறைந்த நாள், நீந்தித் திரும்பக்கூடிய தூரம் போதும். போனை உறையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள். கவிழ்ந்ததும் கயாக்கைக் காற்று இழுத்துப்போகும், அதில் வைத்த போனும் கூடவே போய்விடும்.

முதல் நாள் தூண்டிலே வேண்டாம். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற கயாக் கிட்டத்தட்ட நம்ம கட்டுமரம்தான், தண்ணீர் ஏறினால் ஓட்டை வழியே வடிந்துவிடும். நெஞ்சளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆள் நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டுத் திரும்ப ஏறிப் பழகு. குப்புறப் படுத்துக் காலை உதைத்து ஏறுவது வெறும் கயாக்கிலேயே நாக்குத் தள்ளும். தூண்டில் நிற்க, நரம்பு சுற்ற, கொக்கி ஆட, அதில் ஏறிப் பார்த்தால்தான் எத்தனை சாமான் அதிகம் என்று புரியும்.

சீசன் போய்விடும் என்று கவலைப்படாதே. நம்ம கானாங்கெளுத்தியின் சொந்தக்காரனான மேக்கரல் செப்டம்பரிலும் கரையோரம் இருக்கும். அதுவரை ஒரு தூண்டில் மட்டும் வாங்கி, பக்கத்துக் கடற்பாலத்தில் நின்று போடு. மேக்கரலுக்குத் தூண்டில் போட இங்கிலாந்தில் உரிமம்கூட வேண்டாம்.