கிழவர் பாடலாமா?

குரல் தளர்ந்த பிறகு ஒரு பாடகர் பாடலாமா, கூடாதா? வீட்டுக்கு வீடு இதில் அபிப்பிராயம் வேறு. "பேர் இருக்கும்போதே ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை" என்பார் தாத்தா. "பாட ஆசை இருந்தால் பாடிவிட்டுப் போகட்டுமே" என்பாள் பேத்தி.

அமெரிக்காவில் 1994-ம் ஆண்டு இந்த வழக்கு பலமாகவே நடந்தது. வழக்குக்கு உரியவர் ஜானி காஷ் என்ற பாடகர்.

காஷ் 1932-ல் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். பருத்தி பயிரிடும் ஏழைக் குடும்பம். கட்டைக் குரல், எப்போதும் கறுப்பு உடை. 'கன்ட்ரி' என்று அங்கே சொல்லும் கிராமியப் பாட்டு அவருடைய துறை. முதல் இசைத்தட்டு 1955-ல் வந்தது. 1968-ல் ஃபோல்சம் சிறைச்சாலைக்குள்ளேயே சென்று கைதிகளின் முன்னால் பாடினார். அந்த இசைத்தட்டை நாடே வாங்கிக் கேட்டது.

ஏறியவர் இறங்கவும் நேர்ந்தது. பல ஆண்டுகள் அவர் பாடிக் கொடுத்த கொலம்பியா கம்பெனி 1986-ல் அவரைக் கைவிட்டது. ரேடியோவில் இளைஞர்களின் பாட்டு ஒலித்தது. காஷின் பேர் பழைய பெட்டிக்குள் போய்விட்டது.

தாடிக்காரர் வந்தார்

அப்போது ஓர் ஆள் வந்தார். பெயர் ரிக் ரூபின். நீண்ட தாடி, வயது முப்பது. 'ராப்' பாட்டும், காதைப் பிளக்கும் 'ஹெவி மெட்டல்' பாட்டும் பதிவு செய்து பேர் வாங்கியவர். கிராமியப் பாட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஊர் சிரித்தது.

ரூபின் செய்தது மிகவும் எளிய காரியம். காஷைத் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார். கையில் ஒரு கிடார். "உங்களுக்குப் பிடித்ததைப் பாடுங்கள்" என்று விட்டுவிட்டார். பக்கவாத்தியம் இல்லை. பின்பாட்டு இல்லை. சில பாட்டுகள் டென்னசியில் காஷின் மரவீட்டில் பதிவாயின. இரண்டு மட்டும் ஒரு கேளிக்கை விடுதியில், ஜனங்கள் முன்னால். ஆக 13 பாட்டுகள். அவற்றில் ஒன்றை எழுதியவர் நிக் லோ. அவர் காஷின் மனைவி ஜூனுடைய மகளை மணந்து, பிறகு பிரிந்தவர். பந்தம் அறுந்தாலும் பாட்டு அறுபடவில்லை!

1994 ஏப்ரலில் 'அமெரிக்கன் ரிக்கார்டிங்ஸ்' என்ற அந்த இசைத்தட்டு வெளிவந்தது. காஷுக்கு வயது 62.

இரண்டு கட்சி

பத்திரிகை விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். இளைஞர்கள் தேடி வந்தார்கள். அதே ஜூன் மாதம் இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி திருவிழாவில், பேரப்பிள்ளை வயதுக் கூட்டத்தின் முன் பாடினார். மறு ஆண்டு கிராமி பரிசும் கிடைத்தது.

ஆனால் அவருடைய சொந்தத் துறை முகம் கொடுக்கவில்லை. கன்ட்ரி ரேடியோ நிலையங்கள் இந்தப் பாட்டுகளை ஏறக்குறைய ஒலிபரப்பவே இல்லை. பழைய ரசிகர்களிலும் ஏமாந்தவர்கள் உண்டு. காஷ் பாட்டு என்றால் ரயில் ஓடுவது போன்ற ஒரு தாளம் இருக்கும். இதில் அது இல்லை. வெறும் கிடாரும் முதிர்ந்த குரலும்தான்.

ஏமாந்தவர்களைக் குறை கூற மாட்டோம். பழகிய வீட்டுக்குள் நுழைந்து, சாமான்கள் இடம் மாறிக் கிடந்தால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ரேடியோக்காரர்கள் கதை வேறு. போட்டுக் காட்டிவிட்டு, "பிடிக்கவில்லை" என்று ஜனங்கள் சொன்னால் நிறுத்தலாம். கேட்கவே விடாமல் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

காஷ் பக்கமும் குறை உண்டு. முதல் பாட்டு, டீலியா என்ற பெண்ணைக் காதலனே சுட்டுக் கொன்ற கதை. 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜார்ஜியாவில் சுட்டுக் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்திதான் அந்தப் பாட்டுக்கு மூலம். அதை வேடிக்கை கலந்து பாடியதும் படம் பிடித்ததும் நமக்குச் சம்மதம் இல்லை. 1998-ல் அடுத்த இசைத்தட்டும் பரிசு பெற்றபோது, காஷ் அநாகரிகமாக விரல் காட்டும் பழைய படத்தைப் போட்டு, கன்ட்ரி ரேடியோவுக்கு 'நன்றி' சொல்லி ஒரு முழுப்பக்க விளம்பரமும் வந்தது. கோபம் நியாயம்தான். பெரியவர் செய்கிற காரியம் அல்ல.

மூச்சு வாங்கும் குரல்

பிறகு உடம்பு கெட்டது. நரம்பு நோய், அடிக்கடி நிமோனியா காய்ச்சல். 2002-ல் 'ஹர்ட்' என்ற பாட்டைப் பாடியபோது குரல் நடுங்கியது. அதை எழுதியவர் டிரென்ட் ரெஸ்னர் என்ற இளையவர். காஷ் பாடிய படத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பாட்டு இனி என்னுடையது அல்ல என்ற பொருள்பட அவரே சொன்னார்.

"நோயாளியின் நடுக்கத்தை விற்கலாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் காஷை யாரும் இழுத்து வந்து பாட வைக்கவில்லை. 2003 மே மாதம் மனைவி ஜூன் இறந்தார். அதன்பின் வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் காஷ்தான். மூச்சு முட்டும்போது படுப்பார், தெளிந்தால் பாடுவார். செப்டம்பர் 12-ல் கண்ணை மூடினார்.

அந்தக் கடைசிக் காலப் பாட்டுகளுக்கு, அவர் போன பிறகு வாத்தியம் சேர்த்து 2006-ல் வெளியிட்டார்கள். விற்பனையில் முதலிடம். 1969-க்குப் பிறகு அந்த இடம் அவருக்குக் கிடைத்தது அப்போதுதான். போனவரின் குரலில் பிறர் கை வைக்கலாமா என்ற தர்க்கம் அதன் பேரில் நடந்தது. நம்மைக் கேட்டால், வாத்தியம் இல்லாமலே விட்டிருக்கலாம்.

அவர் கடைசியாக எழுதிய பாட்டும் அதில் இருக்கிறது. ஒரு ரயிலைப் பற்றிய பாட்டு. நடுவில் தமக்கு மூச்சு இரைப்பதைத் தாமே கேலி செய்துகொண்டு, மறுபடி தாளத்தைப் பிடிக்கிறார் கிழவர்.