பலனில் பங்கு யாருக்கு?

உற்பத்தித்திறன் என்றாலே வேலைப்பளுவும் ஆட்குறைப்பும்தான் என்கிற அச்சம் தொழிலாளர்களிடையே உண்டு. ஜப்பான் அந்த அச்சத்தை 1955-லேயே எதிர்கொண்டது. அவ்வாண்டு தொடங்கிய ஜப்பான் உற்பத்தித்திறன் மையம், வேலைவாய்ப்பைக் காத்துப் பெருக்குதல், தொழிலாளரும் நிர்வாகமும் கலந்து பேசுதல், பலனை நிர்வாகம், தொழிலாளர், நுகர்வோர் ஆகிய மூவருக்கும் நியாயமாகப் பகிர்தல் என மூன்று கோட்பாடுகளை வகுத்தது.

1961-இல் டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பின் எட்டுத் தொடக்க உறுப்பினர்களுள் இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு. (2014-க்குப் பின் உச்சி மாநாடே காணாத சார்க் அமைப்பை அறிந்தோர்க்கு, இவ்விரு நாடுகளும் இங்கு சேர்ந்திருப்பது வியப்பளிக்கலாம்.)

1969-இல் இணைந்த சிங்கப்பூர், ஜப்பானிடம் உத்திகளைக் கற்றது. அங்கு ஊதிய உயர்வுக்கு வழிகாட்ட, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் அடங்கிய தேசிய ஊதிய மன்றம் 1972 முதல் இயங்குகிறது. நாமோ உத்திகளை மட்டுமே பெரிதும் இறக்குமதி செய்தோம். கைஸன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய என் மாணவர்களுள், மூன்றாவது கோட்பாட்டைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.

1958-இல் அமைந்த நமது தேசிய உற்பத்தித்திறன் கவுன்சிலிலும் முத்தரப்புப் பிரதிநிதிகள் இருக்கின்றனர். ஓர் ஆலைக்கு ஆலோசனை வழங்கும்போதே, கிடைக்கும் பலனில் தொழிலாளரின் பங்கு எவ்வளவு என்பதையும் அறிக்கையில் எழுதும் வழக்கத்தை அது தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.