முப்பதுக்கு மேல் ஒரு கோல்கீப்பர்

டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கையோடு கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாரே இந்திய ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ், அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நல்ல படம்தான். ஆனால் அப்போது அவருக்கு வயது 33 என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. முன்கள வீரராக இருந்தால் அந்த வயதில் பூங்கொத்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்துக்காரர். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேரும்வரை ஹாக்கிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கால்பந்துப் பைத்தியம் பிடித்த கேரளத்தில் அது ஆச்சரியமுமில்லை. கோல்கீப்பருக்கான பேட், ஹெல்மெட் வகையறாக்களுக்காக விவசாயியான அப்பா வீட்டுப் பசுவை விற்றார் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வந்த காத்திருப்பு. 2006இல் கொழும்பு தெற்காசியப் போட்டியில் முதல் ஆட்டம். ஆனால் அணியில் நிலையான இடம் கிடைக்க 2011 ஆகிவிட்டது. ஹாக்கியில் ஒரு முன்கள வீரரை ஐந்து நிமிடம் உள்ளே விட்டு, வெளியே இழுத்து, மறுபடி விடலாம். கோல்கீப்பருக்கு அந்தச் சலுகை நடைமுறையில் கிடையாது. ஒருவர் நின்றால் மற்றவர் பெஞ்சில்தான்.

இடம் கிடைத்த மறுவருஷமே லண்டன் ஒலிம்பிக். எல்லா ஆட்டத்திலும் தோல்வி, 12 அணிகளில் கடைசி இடம். நம் ஊர் ரசிகர்களிடம் விட்டிருந்தால் அன்றைக்கே ஆளை மாற்றச் சொல்லியிருப்போம். மாற்றவில்லை. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில், பாகிஸ்தானின் இரண்டு வாய்ப்புகளை ஷூட்-அவுட்டில் தடுத்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். ரியோவில் கேப்டன். 2017இல் முழங்கால் காயம், மாதக்கணக்கில் ஓய்வு. மறுபடி வந்தார்.

இந்த வேலை ஏன் தாமதமாகக் கைவருகிறது? பெனால்டி கார்னரைப் பாருங்கள். 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரக் கோல். நேராக அடிக்கும் முதல் அடி கோலின் அடிப்பலகை உயரத்துக்கு மேல் போகக்கூடாது. பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தத் தடை இல்லை. எனவே பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் எந்த மூலைக்கும் பறந்து வரலாம். பந்தைப் பார்த்து நகர்ந்தால் தாமதம். ஃபிளிக் செய்பவரின் தோளும் மணிக்கட்டும் முன்கூட்டியே சொல்வதைப் படிக்க வேண்டும். அதற்கு அந்த ஆளை வருஷக்கணக்காக எதிர்கொண்டிருக்க வேண்டும். போதாததற்கு முன்னால் நிற்கும் நால்வரையும் கத்திக் கத்தி நகர்த்த வேண்டும். ஸ்ரீஜேஷ் ஆடிய காலத்தில் தொலைக்காட்சியில் வர்ணனையாளரோடு போட்டி போட்டுக் கேட்டது அவர் குரல்தான்.

டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்ற நிலையில், கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தபோது 41 வருஷப் பதக்கப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் பாரிஸ் ஒலிம்பிக். பிரிட்டனோடு ஆடிய காலிறுதி. 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்க பத்துப் பேர். பிரிட்டன் அலை அலையாக வந்தும் ஒரே ஒரு கோல். 1-1. பிறகு ஷூட்-அவுட்: 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருபவருக்கு எட்டு விநாடி. ஸ்ரீஜேஷ் கோட்டில் நிற்காமல் பாய்ந்து முன்னே வந்து, ஆளை ஓரத்துக்குத் தள்ளி, விநாடிகளைத் தின்றார். 4-2. அப்போது வயது 36. அந்தத் தொடரோடு ஓய்வு என்று முன்பே அறிவித்துவிட்டிருந்தார். ஸ்பெயினை வென்று வெண்கலத்தோடு முடித்தார். 16ஆம் எண் சட்டையை இனி சீனியர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

எண்ணை எடுத்து வைத்தாயிற்று, ஆள் ஓயவில்லை. 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தபோது எழும்பூர் மைதானத்தில் இந்திய அணியின் பயிற்சியாளராக நின்றார். காலிறுதியில் பெல்ஜியத்தை வென்றதும் ஷூட்-அவுட்டில்தான். கடைசியில் வெண்கலம். அந்தப் பையன்களில் கோல் காப்பவர்களிடம் நாம் இன்னும் பத்து வருஷம் அவசரப்படாமல் இருப்போமா என்பதுதான் என் சந்தேகம்.