கட்டைவிரல் வாசிப்புக்கு வந்த கதி

ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமரியைத் திரும்பக் கேட்கலாமே என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா? போனில் பேரைத் தட்டினால் போதும், ‘படிக்கும்போது கேட்க’, ‘காபி நேரத்துக்கு’, ‘நிம்மதியாகத் தூங்க’ என்று வரிசையாக வந்து நிற்கிறது. தூங்க வைக்கவா அந்த மனுஷர் அப்படிப் பாடுபட்டார்? இண்டியானாபோலிஸில் பகலெல்லாம் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் கிட்டார். வீட்டில் ஏழு பிள்ளைகள். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணினவர். தந்தியை மீட்ட பிக் கிடையாது, வெறும் கட்டைவிரல். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமலிருக்க அப்படிப் பழகினார் என்பார்கள். (அதை வைத்துத்தான் ‘தூங்க’ பட்டியலில் சேர்த்துவிட்டார்களோ என்னவோ.)

எனக்கு அவர், என் சித்தப்பா பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் அறிமுகமானவர். 1965-ல் வந்த ‘ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்’ ஆல்பம். உள்ளட்டையில் சித்தப்பா கையெழுத்தில் பியானோ விண்டன் கெல்லி, பாஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். முதலில் ஒற்றைச் சுரமாக ஓடும். அப்புறம் அதே சுரம் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் கைகோத்துக்கொண்டு வரும். அந்த இடம் வந்ததும் சித்தப்பா ஆள்காட்டி விரலைத் தூக்குவார். “இப்பக் கேளுடா.” கடைசியில் முழு முழுக் கார்டுகளாக இறங்கும்போது சித்தி காபியோடு வந்தாலும் நிலைப்படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

இப்போது சரியாக அந்த இடத்தில் “அவசரக் கடன் வேண்டுமா?” என்கிறது ஒரு பெண் குரல். பியானோ யார் என்று பார்க்கலாமென்றால் வாசித்தவர்கள் பேரே இல்லை. அடுத்து தானாக ஓடுவது 1967-ல் அவர் வயலின் கூட்டத்தோடு வாசித்த பீட்டில்ஸ் பாட்டு. அது சக்கைப்போடு போட்டது, அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு பிள்ளைக்காரருக்குக் காசு வேண்டாமா? பாவம், அடுத்த வருஷமே, 45 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். ஆனால் அவர் என்றால் அது மட்டும்தான் என்று எவன் முடிவு பண்ணினான்?

கேசட்டில் பூஞ்சை. கேட்டுச் சொல்லச் சித்தப்பாவும் இல்லை. “எல்லாம் போன்லயே இருக்கேப்பா, அப்புறம் என்ன புலம்பல்?” என்கிறான் பையன். மாதச் சந்தா கட்டினால் தொல்லை இல்லையென்று அவனே கட்டியும் கொடுத்தான். விளம்பரம் போய்விட்டது, வாஸ்தவம். இப்போது ரெண்டு பாட்டு முடிந்ததும், வெஸ் மாண்ட்கோமரி பிடித்தவர்களுக்கு இவரும் பிடிக்குமாம் என்று யாரோ ஒருத்தர் சாக்ஸபோனோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.